ஊத்தங்கரையில் ஓட்டு வீட்டைப் பிரித்து மேய்ந்த அனுபவம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, தாத்தா கட்டிய எங்கள் ஓட்டு வீட்டில் ஒழுகாத அறையே இல்லை. தார்ப்பாயைப் போர்த்தி மார்கழியைக் கடத்தினோம்.

தை பிறந்ததும் நான் செய்த தவறு, கூரையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஓடு வாங்கியதுதான். பாதி ஓடுகள் நன்றாக இருக்கின்றன, உடைந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்கிட்டு, 500 புதிய சீமை ஓடுகளை வண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டேன். ஆசாரி ஒரு பழைய ஓட்டையும் ஒரு புதிய ஓட்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதன் பள்ளத்தில் புதியதன் வரம்பு உட்காரவில்லை; இடையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. பழைய ஓட்டின் அடியில் மங்களூர் பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற ஆண்டும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. அது ஓடு சுட்ட ஆண்டு அன்று, ஆலை தொடங்கிய ஆண்டு. சீமை ஓடு என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைத்திருந்த எனக்கு, ஆலைக்கு ஆலை அச்சு மாறும் என்பது அன்றுதான் தெரிந்தது.

நீளமும் வேறுபட்டது. புதிய ஓட்டுக்கு ரீப்பர், அதாவது ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி கால் அங்குலம் குறைய வேண்டும். 14 வரிசைக்கு அது மூன்றரை அங்குலமாகிவிடும். கடைக்காரரிடம் போய் நின்றால், இறக்கிய சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பில்லின் பின்புறம் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அதைப் படிக்காமல் பணம் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது.

வழி சொன்னவர் ஆசாரிதான். "ரெண்டையும் கலக்காதீங்க தம்பி. முன்பக்கச் சரிவுக்குப் புதுசு, பின்பக்கத்துக்குப் பழசு. முகட்டுலதானே ரெண்டும் சேருது, அங்கே எப்படியும் கலவை வெச்சுத்தான் முகட்டு ஓடு பதிக்கணும்" என்றார். முன்பக்கத்துக்கு மட்டும் புதிய ரீப்பர் அடித்தோம். வாங்கிய ஓடு ஒன்றுகூட வீணாகவில்லை.

பிரித்தபோதுதான் மற்றொன்றும் தெரிந்தது: கீழிருந்து பார்க்க உறுதியாகத் தெரிந்த கைமரங்களில் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) நான்கு, சுவர்மேல் உட்காரும் முனையில் கரையான் அரித்து மாவாகியிருந்தன. ஆகவே முதலில் ஓட்டை இறக்கி மரத்தைத் தட்டிப் பாருங்கள். பிறகு ஒரு பழைய ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அங்கேயே நான்கு ஓடுகளைக் கோத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிக்காத ஓட்டை ஒதுக்கிவிடுங்கள்.

பங்குனியில் வேலை முடிந்தது. சித்திரையில் பெய்த கோடை மழையில் முகட்டின் ஓரிடத்தில் மட்டும் ஈரம் காட்டியது. மறுநாளே கலவை பூசி அடைத்தோம். மிஞ்சிய 60 பழைய ஓடுகளை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன்.