ஒரு வாய்க்கால், ஒரே வாரம்: நாங்கள் இறால் சங்கம் அமைத்த அனுபவம்

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, வெள்ளையாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை நம்பித்தான் எங்கள் பகுதியின் இறால் குளங்கள் எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் எடுப்பதும் அதில்தான், விடுவதும் அதில்தான். என்னுடையது இரண்டு குளம். மேற்கே ஒருவர் குளத்தில் இறாலைக் கொத்தாகச் சாகடிக்கும் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் வந்து, அவர் ராவோடு ராவாக மதகைத் திறந்துவிட்டால், மறுநாள் அந்தத் தண்ணீர்தான் என் பம்புக்கு வரும். நான் எவ்வளவு சுத்தமாகப் பண்ணை நடத்தினாலும் அன்றைக்கு அதற்குப் பலன் இல்லை. சங்கம் அமைத்தபோது என்ன நடந்தது, எங்கே இழுத்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே தண்ணீரை நம்பியிருப்பவர்கள் சங்கமாகச் சேர்வது எங்கள் சொந்த யோசனை இல்லை. 1994-95இல் வெள்ளைப்புள்ளி இந்தியக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. அதன்பிறகு, 2000இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடாவும், பாங்காக்கில் தலைமையகம் கொண்ட நாகாவும் கைகோத்தன. நாகா என்பது ஆசிய-பசிபிக் நாடுகள் மீன்வளர்ப்புக்காகச் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் மொகல்தூர் போன்ற கிராமங்களில் சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து அவர்கள் செய்து பார்த்ததுதான் இதற்கு விதை. அந்த வேலையைத் தொடர 2007இல் நாக்சா என்ற தனி அமைப்பே வந்தது. தனித்தனிக் குளத்துக்கு மருந்து தேடுவதை விட, ஒரே தண்ணீரில் இருப்பவர்கள் ஒன்றாக நடந்துகொள்வது மேல் என்பதுதான் அவர்கள் சொன்ன சங்கதி.

நாக்சா களப் பணியாளர் ஒருவர் முதல் கூட்டத்தில் இலங்கையின் புத்தளம், சிலாபம் பகுதியைப் பற்றிச் சொன்னார். அங்கே களப்பு என்கிற கடலோர உப்பேரி, டச்சுக் கால்வாய் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு. அதனால் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்று அரசும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து ஒரு பயிர் நாட்காட்டி போட்டிருக்கிறார்கள். அக்கரையில் முடிகிறதென்றால் ஒரே ஒரு வாய்க்காலை வைத்திருக்கும் நம்மால் முடியாதா என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் எல்லோருக்கும் அப்படித் தோன்றவில்லை. எங்களில் மூத்தவரும் பெரிய குளக்காரருமான ஒரு மாமா எழுந்து, "என் குளம், என் காசு. நான் எப்ப குஞ்சு விட்டா உனக்கென்ன தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தீவனக் கடைக்காரரிடம் கடன் வாங்கி ஓட்டுகிறவர்களுக்குக் குஞ்சு விடும் தேதி அவர்கள் கையில் இல்லை. கடன் கிடைக்கும் நாள்தான் தேதி. இதைப் பேசித் தீர்க்கத்தான் அதிக காலம் பிடித்தது. கடைசியில் அவரவர் குளம் எங்கே தண்ணீர் எடுக்கிறது, எங்கே விடுகிறது என்று ஒரு சார்ட்டில் வரைந்தோம். மாமாவின் பம்பு செட்டுக்கு நேர் எதிரில் மூன்று பேருடைய வடிகால் விழுவதை அவரே விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர்தான் முதல் கையெழுத்து.

பதிவு வேலை பேச்சளவுக்குக் கஷ்டமில்லை. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கத்தைப் பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கினோம். இழுத்தது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவுதான். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பண்ணையும் அதில் பதிய வேண்டும். பட்டா, அடங்கல், புல வரைபடம், குத்தகை என்றால் ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். எங்களில் பாதிப் பேருக்குப் பட்டா தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுகளிடம் ஒப்புதல் வாங்கிப் பெயர் மாற்றவே ஒரு போகம் போய்விட்டது. அதனால் சொல்கிறேன், மற்ற எதையும் தொடங்கும் முன்னால் பட்டாவைப் பாருங்கள்.

குஞ்சு வாங்குவதில்தான் சங்கத்தின் பலம் முதலில் தெரிந்தது. நாங்கள் வளர்ப்பது வெனாமி என்ற இறால் இனம். அதன் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொறிப்பகங்களுக்குப் போகிறது. மரக்காணம் பக்கத்துப் பொறிப்பகம் ஒன்றில் முன்பணம் கட்டி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் கொடுத்தோம். தனி ஆளாகப் போனால் தொட்டியை எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். சங்கமாகப் போனபோது எங்கள் முன்னாலேயே தொட்டிவாரியாக மாதிரி எடுத்தார்கள். வெள்ளைப்புள்ளிக்கும், இறாலை வளரவிடாமல் செய்யும் இஎச்பி என்ற நுண்ணுயிரிக்கும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்து, அது சுத்தம் என்று வந்த தொட்டிகளிலிருந்து மட்டும் வண்டி ஏற்றினோம்.

மாசியில் ஒரே வாரத்துக்குள் எல்லாக் குளத்திலும் குஞ்சு விட்டோம். அதற்கு முன் அடிச்சேற்றை வழித்தெடுத்து, வெயிலில் வெடிக்கக் காயவிட்டு, நண்டு ஏறாமல் சுற்றிலும் வேலி கட்டினோம். வெனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விடலாம் என்பது கடலோர வளர்ப்பு ஆணையத்தின் வரம்பு. நாங்கள் 30க்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தோம். எங்கள் வாய்க்கால் அதற்கு மேல் தாங்காது.

சங்கம் நிற்குமா நிற்காதா என்பது இரண்டாம் மாதக் கடைசியில் தெரிந்தது. கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள், வடக்கே ஒரு தம்பியின் குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்கியது. தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் வெள்ளைப் பொட்டுகள். முன்பெல்லாம் இதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பான், கடன் கொடுத்தவன் வாசலுக்கு வந்துவிடுவான். அந்தத் தம்பி அரை மணி நேரத்தில் குழுவில் செய்தி போட்டார். உடனே எல்லோரும் பம்பை நிறுத்தினோம். அவர் தண்ணீரை விடாமல் வலை போட்டே இறாலைப் பிடித்தார். பிறகு குளம் முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டு, மதகை அடைத்து வைத்தோம். பவுடர் செலவு சங்கப் பணத்தில். அவருடைய வலை, வாளி, ஆள் எதுவும் அடுத்த குளத்துக்குள் போகவில்லை. அந்தப் போகத்தில் நோய் இன்னொரு குளத்தில் மட்டும் தென்பட்டது. மற்றவர்கள் எல்லோரும் முழு அறுவடை எடுத்தார்கள்.

சொல்கிறவனுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளாத சங்கம் நிலைக்காது என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகப் பட்டது. நாடுகளுக்கும் இதே கதைதான். குஞ்சு விட்ட சில வாரங்களிலேயே இறாலைச் சாகடிக்கும் இஎம்எஸ் என்ற நோய் 2009இல் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவியபோது, 2012 ஆகஸ்டில் நாகா பாங்காக்கில் எல்லா நாட்டவரையும் அவசரமாகக் கூட்டியது. அது ஒரு விப்ரியோ பாக்டீரியாவின் வேலை என்று 2013இல்தான் தெரிந்தது. சொன்னால் ஏற்றுமதி படுத்துவிடும் என்று ஒவ்வொரு நாடும் வாயை மூடியிருந்தால் அதுவும் இன்னும் தாமதமாகியிருக்கும்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது நெல் விவசாயிகளுடனான பேச்சு. உப்பு கசிந்து வயல் கெடுகிறது என்ற அவர்கள் குறை பொய்யில்லை. இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததற்கு இந்தக் கடற்கரை மக்களின் போராட்டமும் ஒரு காரணம். வயலுக்கும் குளத்துக்கும் நடுவே கசிவுநீர் வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. கிழக்குப் பக்கம் வேலை முடிந்துவிட்டது. மேற்கில் நிலம் விடுவதற்கு இரண்டு பேர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு அந்த மாமாதான் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்.