கெட்டிக் கோடும் புள்ளிக் கோடும்

2022 அக்டோபர் கடைசியில் தென்கொரியாவின் போங்ஹ்வா பகுதியில் ஒரு துத்தநாகச் சுரங்கத்துக்குள் இரண்டு தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு 62 வயது, மற்றவருக்கு 56. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி இரவு, சொந்தக் காலால் நடந்தே வெளியே வந்தார்கள். செய்தி இங்கே வந்தபோது என் நண்பர்கள் எல்லோரும் பேசியது காப்பியைப் பற்றித்தான். உள்ளே எடுத்துப் போயிருந்த இன்ஸ்டன்ட் காப்பிப் பொட்டலங்களைச் சோறு மாதிரி பங்கிட்டுக் குடித்திருக்கிறார்கள். அது தீர்ந்ததும் பாறையில் சொட்டிய தண்ணீர்.

நான் சுரங்க சர்வேயர். என் கண் வேறொரு வரியில் நின்றது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு மேலிருந்து துளை போட்டார்கள், துளை குறி தப்பியது, காரணம் கையில் இருந்த வரைபடம் இருபது ஆண்டுக்கும் மேல் பழையது. செய்தியில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் ஒதுக்கியிருந்தார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், தூக்கம் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். அவர்கள் இருந்தது தரையிலிருந்து 190 மீட்டர் ஆழத்தில். துளை போடும் கம்பி செங்குத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், அந்த ஆழத்துக்குப் போகும்போது மூன்று மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். சுரங்கப் பாதையின் அகலமே பல இடங்களில் அவ்வளவுதான். பாறை அடுக்குகள் சாய்வாக இருந்தால் கம்பி அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தானாகவே வளையும். இதெல்லாம் வரைபடம் சரியாக இருந்தால் வரும் தொல்லை. வரைபடமே தப்பு என்றால் எத்தனை துளை போட்டாலும் இருட்டில் கல் எறிகிற கதைதான். பிறகு மறுபடி அளந்து, துளைகளைப் பல இடங்களில் போட்டார்கள். சில துளைகள் பாதைக்குள் திறந்தன. கேமரா இறக்கினார்கள், கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை.

நிலத்தடி சர்வே என்றால் என்ன என்று வெளியே யாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டிலும்தான். மேலே நிலம் அளக்கிறவருக்கு வானம் தெரியும், கோபுரம் தெரியும், இப்போது செயற்கைக்கோளும் உண்டு. கீழே அது எதுவும் எட்டாது. வடக்கு எது என்பதைக்கூட மேலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்து முறை, ஷாஃப்டில், அதாவது மேலிருந்து சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழியில், இரண்டு எஃகுக் கம்பிகளைத் தொங்கவிடுவது. நுனியில் கனமான எடை. கம்பி ஆடாமல் இருக்க அந்த எடையை எண்ணெய் டிரம்முக்குள் மூழ்க வைப்போம். மேலே அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள திசை எதுவோ அதுதான் கீழேயும் திசை. இரண்டு கம்பிக்கும் இடையே சில மீட்டர்தான் இருக்கும். அந்தச் சின்னக் கோட்டை வைத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போக வேண்டும். திசையில் ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு தப்பினால், ஒரு கிலோமீட்டர் தள்ளி 29 சென்டிமீட்டர் விலகிப்போகும். இப்போது கீழேயே வடக்கைக் காட்டிவிடும் கைரோ தியோடலைட் என்ற கருவி வந்துவிட்டது, கம்பி தொங்கவிடும் வேலை குறைந்துவிட்டது. அப்புறம், எங்கள் அடையாளப் புள்ளிகள் தரையில் இருக்காது, கூரையில்தான். தரையில் அடித்த ஆணி அடுத்த ஷிப்டுக்குள் லோடர் சக்கரத்துக்குப் போய்விடும். கூரையில் ஆணி அடித்து அதிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே கருவியை வைப்போம். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. கழுத்து வலி இல்லாத சுரங்க சர்வேயரை நான் பார்த்ததில்லை.

என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது வேறொரு சுரங்கத்தில். அங்கே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் தங்கவயல்காரர்தான். அவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூர்க்கமாக இருப்பார். தானே கருவி வைத்து அளந்த இடத்துக்குத்தான் கெட்டிக் கோடு போடுவார். மற்றவர்கள் சொன்னது, மதிப்பிட்டது, பழைய ரிஜிஸ்டரில் பார்த்தது எல்லாமே புள்ளிக் கோடு. "கண்ணால பாக்காததுக்குக் கெட்டிக் கோடு போடாதே தம்பி. நாளைக்கு எவனாவது அதை நம்பி வருவான்" என்பார்.

சொல்வது சுலபம். உற்பத்திப் பிரிவுக்கு மாதக் கடைசி வந்தால் டன் கணக்கு மட்டும்தான் தெரியும். திட்டத்தில் போட்ட எல்லையோடு தாது நிற்காது; நல்ல தாது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். சர்வேயர் போய் அளப்பதற்குள் அந்த ஸ்டோப்பை, அதாவது தாது வெட்டியெடுத்த குழியை, நிரப்பி மூடியிருப்பார்கள், அல்லது கூரை சரியில்லை என்று கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். அப்போது வரைபடத்தில் என்ன போடுவது? திட்டத்தின் எல்லையையே கெட்டிக் கோடாக இழுத்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். புள்ளிக் கோடு போட்டால் மேலிருந்து கேள்வி வரும், ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார், கூட்டத்தில் முகம் சுளிப்பார்கள். நான் இருந்த சுரங்கத்தில் இதற்காக என் சீனியர் ஒரு பதவி உயர்வையே இழந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கெட்டிக் கோட்டை நம்பி வந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2002 ஜூலை 24, கியூகிரீக் நிலக்கரிச் சுரங்கம். பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சாக்ஸ்மன் சுரங்கம், உள்ளே முழுக்கத் தண்ணீர். வரைபடத்தின்படி அது இன்னும் சுமார் தொண்ணூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வெட்டிக்கொண்டே போனவர்கள் நேராக அதன் சுவரை உடைத்துவிட்டார்கள். இன்னொரு குழுவுக்குப் போனில் சொல்லி அவர்களைத் தப்ப வைத்துவிட்டு, ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பிற்பாடு விசாரணையில் தெரிந்தது, பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் ஒன்று இருந்திருக்கிறது. இறந்துபோன ஒரு சுரங்க ஆய்வாளரின் குடும்பத்திடம் கிடந்து, பிறகு ஓர் உள்ளூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது.

அதே சம்பவத்தில் எங்கள் தொழிலின் மறுபக்கமும் உண்டு. தண்ணீர் ஏறும்போது அவர்கள் எந்த மேட்டுக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்து, மேலே ஒரு வயலில் சர்வேயர்கள் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். சுமார் 73 மீட்டர் ஆழம், ஒரு சாண் அகலமும் இல்லாத துளை. முதல் துளையே சரியாக இறங்கியது. கம்பியை உள்ளிருந்து ஒன்பது முறை தட்டினார்கள். அந்தத் துளை வழியாக அழுத்தி அனுப்பிய சூடான காற்றுதான் தண்ணீரையும் குளிரையும் தள்ளிவைத்தது. ஒன்பது பேரும் 28ஆம் தேதி மேலே வந்தார்கள். நம் நாட்டில் 1989இல் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் எஃகுக் கூண்டில் தானே இறங்கி 65 பேரை மேலே அனுப்பிய ஜஸ்வந்த் சிங் கில்லை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். கூண்டு எங்கே இறங்க வேண்டும் என்று தரையில் குறி வைத்தவர் யார் என்று நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. இது என் தொழில் பொறாமை, விட்டுவிடுங்கள்.

சரி, கொரியாவுக்கு வருகிறேன். ஷாஃப்டில் சேறும் மண்ணும் சரிந்து வழி அடைபட்டது. அந்த இருவரில் மூத்தவர் அனுபவசாலி, இளையவர் வேலையில் சேர்ந்து சில நாட்கள்தான். முதலில் வெளியேறத்தான் பார்த்தார்கள். தெரிந்த பாதைகளையெல்லாம் நடந்து பார்த்தார்கள், அடைப்பைக் கொத்திப் பார்த்தார்கள், கையில் இருந்த வெடிமருந்தையும் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பல பாதைகள் கூடும் அகலமான ஓர் இடத்தில் தங்கினார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள். கிடைத்த கட்டைகளை வைத்து நெருப்பு மூட்டிக்கொண்டார்கள்.

மூடிய சுரங்கத்தில் நெருப்பு மூட்டுவதா என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். காற்றோட்டம் இருக்கிறது என்று தெரியாதவன் மூட்டினால் அதுவே சாவு. நிலக்கரிச் சுரங்கமாக இருந்தால் மீத்தேன் வெடித்துவிடும், நினைத்தே பார்க்கக் கூடாது. அது துத்தநாகச் சுரங்கம், பாதைகள் பெரியவை, மூத்தவருக்கு அந்த இடம் தெரியும். மேலே இருந்தவர்களின் காகிதத்தில் இல்லாத வரைபடம் அவர் காலில் இருந்தது. அந்த இருவரைச் சேர்த்து வைத்ததில் அவர்களின் அதிர்ஷ்டம் இதுதான். புதியவர் மட்டும் தனியாக மாட்டியிருந்தால் கதை வேறு. மூத்தவருக்கும் தனியாக ஒன்பது நாள் என்பது சுலபமாக இருந்திருக்காது. கடைசி நாளில் தலை விளக்கின் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதுதான், இனி நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று முதல்முறையாகச் சொல்லிக்கொண்டார்களாம். கொஞ்ச நேரத்தில் அடைப்புக்கு அந்தப் பக்கம் யாரோ "வெடி!" என்று கத்தும் குரல் கேட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பீக்கன்ஸ்ஃபீல்டு தங்கச் சுரங்கத்தில் 2006இல் மாட்டிய இருவருக்கு இந்த நடமாட்டமும் கிடையாது. ஏப்ரல் 25 இரவு சிறிய நிலநடுக்கம், பாறை சரிவு, கூட இருந்த ஒருவர் இறந்துவிட்டார். இவர்கள் ஓர் இயந்திரத்தின் கூண்டுக்குள், 925 மீட்டர் ஆழத்தில். கூண்டின் மேல் விழுந்த பாறையே கூரையாக நின்றது. கல்லில் சிக்கிய உடையையும் பூட்ஸையும் கத்தியால் அறுத்துத் தங்களை விடுவித்துக்கொண்டார்கள். இருவரும் உயிரோடு இருப்பது தெரியாமலே மீட்புக் குழு வெடி வைத்து முன்னேறியது. ஒவ்வொரு வெடிக்கும் கூண்டுக்குள் கல் கொட்டியது. வெடித்த தேதியையும் நேரத்தையும் உடையில் எழுதி வைத்தார்கள், செத்தாலும் அதுவரை உயிரோடு இருந்தது தெரியட்டும் என்று. ஏப்ரல் 30 அன்று குரல் கேட்ட பிறகு வேலையின் போக்கே மாறியது. பெரிய வெடிகள் நின்றன. ஒரு மீட்டர் அகலத்தில் குடைந்து, கடைசித் தூரத்தைச் சிறு வெடியும் கை இயந்திரங்களுமாகக் கடந்து, மே 9 விடியற்காலை வெளியே எடுத்தார்கள். அந்தக் குடைவு சரியான இடத்தில், கூண்டைக் குலைக்காமல் போய் முட்ட வேண்டும். எனக்கு அந்தப் பத்து நாளில் அங்கே பிளான் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் லேசர் ஸ்கேனர் கொண்டுவருகிறார்கள். நாங்கள் ஒரு வாரம் அளந்த ஸ்டோப்பை ஓர் ஷிப்டுக்குள் முடித்து, வண்ணப்படமாகத் திரையில் சுழற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே ஆள் போக முடியாத குழிக்குள் டிரோனையே அனுப்புகிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியும் திறந்திருக்கிற இடத்தைத்தான் பார்க்கும். நிரப்பி மூடியது, தண்ணீர் நின்றது, நூறு ஆண்டுக்கு முன் வெட்டிக் கைவிட்டது எல்லாம் இன்னும் துணி ஒட்டிய பழைய பிளான்களில்தான் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும்போது, மென்பொருள் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் கெட்டிக் கோடாக மாற்றிவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் மாதம் கொடுக்கும் வேலை, பழைய துணி பிளானைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, திரையில் ஒவ்வொன்றாகப் புள்ளிக் கோட்டைத் திரும்பப் போடுவது. சலிப்பான வேலை, திட்டிக்கொண்டேதான் செய்கிறார்கள்.