கூடுவாஞ்சேரியா குரோம்பேட்டையா

சென்னைல வாடகை வீடு தேடிட்டு இருக்கோம், கூடுவாஞ்சேரியா குரோம்பேட்டையான்னு முடிவு பண்ண முடியல. புரோக்கர் அண்ணன்கிட்ட கேட்டா எந்த வீடா இருந்தாலும் ஸ்டேஷன்ல இருந்து அஞ்சே நிமிஷம்தான் சார்ங்கிறார், அவரு பைக்ல போற அஞ்சு நிமிஷம் அது, நாம நடந்து பாத்தாதான் தெரியும்.

கூடுவாஞ்சேரில குரோம்பேட்டை வாடகைக்கே ஒரு ரூம் கூடவே கிடைக்குது, தண்ணியும் பரவால்ல. ஆனா தாம்பரம்தான் எல்லைக்கோடு, குரோம்பேட்டை அதுக்கு முன்னாடி, கூடுவாஞ்சேரி அதைத் தாண்டி. சென்னை பீச் ஸ்டேஷன்ல இருந்து வர்ற வண்டில பாதி தாம்பரத்தோட நின்னுடும், செங்கல்பட்டு வண்டிக்குன்னு காத்திருக்கணும், ஒண்ணு போச்சுன்னா அடுத்தது எப்போன்னு போர்டையே பாத்துட்டு நிக்க வேண்டியதுதான். எனக்கு கிண்டி ஆபீஸ், ட்ரெயின் போதும், மெட்ரோ மாறணும்னாலும் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு. வீட்டம்மாவுக்கு சோழிங்கநல்லூர், அங்கதான் சிக்கல். அது இருக்கற ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) ட்ரெயினே கிடையாது, மாதவரம் டு சிறுசேரி மெட்ரோ வேலை நடக்குது சரி, அது வர்ற வரைக்கும் தாம்பரத்துல இறங்கி மேடவாக்கம் வழியா பஸ்தான், மழை பேஞ்சா அந்த ரோட்டை பத்தி நான் சொல்லவே வேணாம் 😅

கூகுள் மேப்பை ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டு பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கறதெல்லாம் வேலைக்காகாது, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு நேராவே போய் ஏறி பாக்கலாம்னு இருக்கோம்.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி மக்களே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ட்ரெயின் எப்படி? ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோ கிடைக்குதா?