கிரீன் கார்டோடு ஏஆர் பிஸ்டல்: பாகம் சுலபம், தாள்தான் பாடு

ஏஆர் வகை ரைஃபிளின் குட்டை பேரல் வடிவமான ஏஆர் பிஸ்டல் ஒன்றை நானே கட்டினேன். பேரல் (குழல்), அது பொருந்தும் மேல் பாகமான அப்பர், பின்னால் வரும் பஃபர் குழாய், முன்கையில் கட்டும் பிரேஸ், ட்ரிக்கர் என்று எல்லாமே கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. டெக்சஸில் இதற்கெல்லாம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அப்படி வராதது ஒன்றே ஒன்று, ட்ரிக்கர் உட்காரும் கீழ் உடலான, வரிசை எண் பொறித்த லோவர் ரிசீவர். அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கணக்கில் கையகல அலுமினியமான அதுதான் துப்பாக்கி. உரிமம் பெற்ற கடைக்கு நேரில் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவமான 4473-ஐ எழுதி, பின்னணிச் சோதனையில் தேறித்தான் அதை எடுத்து வர முடியும். நான் அலைந்தது முழுக்க அதற்காகத்தான். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த முதல் கடையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

டாலஸ் பக்கம் பெரிய கடை அது. கவுன்ட்டரில் இருந்தவர் என் கிரீன் கார்டைப் பார்த்ததும், "குடிமக்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தள்ளினார். அது தவறு. கிரீன் கார்டு என்கிற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் குடிமகனைப் போலவே வாங்கலாம். அதற்காகத்தான் படிவத்திலேயே எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுத ஓர் இடமும், கிரீன் கார்டில் இருக்கும் ஏ-எண்ணை எழுத ஓர் இடமும் வைத்திருக்கிறார்கள். அவர் மேசையில் கிடந்த படிவத்தையே காட்டிச் சொன்னேன். மேலாளர் விடுப்பில் இருக்கிறார், இன்னொரு நாள் வாருங்கள் என்றார். அரை நாள் போனது போனதுதான்.

மேலாளர் இருந்த அன்று முகவரியில் பிடித்தார்கள். வீடு மாறி, ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரிக்கு விண்ணப்பித்து, அட்டை தபாலில் வரக் காத்திருந்த நேரம். கையில் இருந்த அட்டையில் பழைய முகவரி. மின்சாரக் கட்டண ரசீதை நீட்டினேன், செல்லாது என்றார்கள். அதில் அவர்கள் சொன்னது சரி. அரசு கொடுத்த தாளாக இருக்க வேண்டும். ஆனால் எது செல்லும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. கார் பதிவுத் தாளில் புது முகவரி இருந்தால் போதும், பழைய அட்டையும் அதுவும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. இதை எனக்குச் சொன்னவர் நான் அப்புறம் போன சின்னக் கடைக்காரர். லோவரை ஆன்லைனில் வாங்கி அவர் கடைக்கு அனுப்பச் சொல்லலாம். அவர் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு படிவ வேலையைப் பார்ப்பார். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஃபோன் போட்டு, "குடிமகன் அல்லாதவருக்கு டிரான்ஸ்ஃபர் செய்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கிரீன் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக முழுதாக இருக்கும், வேறு ஏதாவது தாளில் அதுவே ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். படிவத்தில் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நடுப்பெயர் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது, என்எம்என் (நடுப்பெயர் இல்லை) என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பின்னால் ஐஓ (இனிஷியல் மட்டும்). படிவத்தின் பின்பக்கக் குறிப்பிலேயே இது இருக்கிறது. இருந்தும் பெரிய கடையில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், குடிமகன் சிறையோடு தப்புவான். நமக்கோ அது நாடு கடத்தக் காரணமாகவும் ஆகும். குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படித்தேன். படித்ததால்தான் அடுத்தது கண்ணில் பட்டது.

வெற்று லோவர் கைத்துப்பாக்கியும் இல்லை, ரைஃபிளும் இல்லை. அதைப் படிவத்தில் "வேறு வகை", "ரிசீவர்" என்றுதான் காட்ட வேண்டும். வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். கடை உதவியாளர் பழக்கதோஷத்தில் "ரைஃபிள்" என்று எழுதியிருந்தார். "இதெல்லாம் ஒன்றுதான் சார்" என்கிற தொனி. ஒன்றல்ல. முதலில் ரைஃபிளாகக் கட்டப்பட்ட லோவரைப் பின்னால் குட்டை பேரல் போட்டு பிஸ்டலாக்கினால், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் போய்விடுகிறது. மத்திய அரசிடம் பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. பிஸ்டலாகப் பிறந்ததை ரைஃபிளாக்கி மறுபடி பிஸ்டலாக்கலாம் என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் 2011-இல் தீர்ப்புரை கொடுத்திருக்கிறது. திசைதான் முக்கியம். முதலில் எப்படிக் கட்டப்பட்டது என்பதே சட்டம் பார்ப்பது, சரி. ஆனால் தாளில் ரைஃபிள் என்று இருந்தால் நாளைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியவன் நான். திருத்தச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே புதுப் படிவம் எடுத்தார்கள். கட்டி முடித்த அன்றே, தேதி தெரிகிற மாதிரி பிஸ்டல் வடிவில் படம் எடுத்து, பேரல் ரசீதோடு சேர்த்து வைத்துவிட்டேன்.

பின்னணிச் சோதனையில் "டிலே" வந்தது. குடிமகன் அல்லாதவர் என்றால் குடியேற்றப் பதிவையும் தனியாகப் பார்க்கிறார்கள், அதனால் இது சகஜம். மூன்று வேலை நாள் கழித்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்கிறது சட்டம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பதில் வராமல் எங்கள் கடை கொடுக்காது என்று பெரிய கடையில் முன்பே கையை விரித்திருந்தார்கள். சோதனை 30 நாள்தான் செல்லும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. சின்னக் கடைக்காரரோ தினமும் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பினார், அனுமதி வந்த அன்று மாலையே லோவர் கையில். டெக்சஸில் இருப்பவர்கள் துப்பாக்கி ஏந்தும் உரிமத்தை முதலில் எடுத்துவிடுங்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் கிடைக்கும். அது இருந்தால் ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு மாநிலத்தில் அடிக்கடி டிலே வருகிறதென்றால், சோதனையில் நம்மை அடையாளம் காட்டும் தனி எண்ணான யுபினுக்கு எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து வைக்கலாம்.

பாகங்களைச் சேர்ப்பது ஒரு மாலை வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் விஷயம். பேரல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கும்போது தோளில் பதிக்கும் ஸ்டாக் போட்டால் ஷார்ட் பேரல் ரைஃபிள், பதிவு தேவை. பிரேஸ் வேறு. பிரேஸ் போட்ட பிஸ்டல்களில் பலவற்றையும் ஷார்ட் பேரல் ரைஃபிளாகக் கணக்கிட 2023 ஜனவரியில் வந்த விதியை 2024 ஜூனில் டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இருந்தும் பிரேஸ் வைத்தால் ஜெயில் என்று கடைகளில் இன்னும் மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், முன்னால் செங்குத்துக் கைப்பிடி ஒன்றைத் தள்ளுபடியில் தலையில் கட்டப் பார்த்தார் ஒருவர். மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவான பிஸ்டலில் அதை மாட்டினால் அதுவும் பதிவு தேவைப்படும் ஆயுதமாகிவிடும். 2026 ஜனவரி முதல் இந்தப் பதிவுகளுக்கான 200 டாலர் வரி பூஜ்யம். அதனால் பதிவே வேண்டாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நம்பாதீர்கள். போனது வரி, பதிவு அப்படியே இருக்கிறது.

தோட்டா விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம். .300 பிளாக்அவுட் தோட்டா, 5.56 என்கிற வேறு வகைத் தோட்டாவுக்கான மேகஸினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) உட்காரும், 5.56 பேரலுக்குள்ளும் சில சமயம் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மேகஸின்களை நிறம் பிரித்து வையுங்கள்.

என் லோவர் வந்த செய்தி பரவியதும் எச்1பி நண்பர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். "எனக்கும் ஒன்று உன் பெயரில் வாங்கிக் கொடேன்" என்பது முதலாவது. படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்றே, உண்மையில் வாங்குவது நீதானா என்பது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ள ஒருவருக்காகத் தெரிந்தே வாங்கினால் 2022 சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. "ரேஞ்சுக்காவது வருகிறேன், உன்னுடையதைச் சுட்டுப் பார்க்கிறேன்" என்பது இரண்டாவது. இதில்தான் பலர் தெரியாமல் மாட்டுகிறார்கள். எச்1பி உள்ளிட்ட குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம், சுடும் இடத்தில் வாடகைக்கு எடுத்தாலும்கூட. விலக்குகள் சில உண்டு, அதில் நமக்கு எட்டுவது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஏதாவது ஒரு மாநிலத்து உரிமம் இருந்தால் போதும். நண்பர்களை முதலில் அதை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

வேலை மாறி நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் என்று போகிறவர்கள் சாமான் கட்டும் முன்பே அந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். டெக்சஸில் சட்டப்படி கட்டிய அதே பிஸ்டல் அங்கே எல்லை தாண்டியதும் குற்றமாகலாம். விற்பதோ வேறு ஏற்பாடோ, டெக்சஸில் இருக்கும்போதே உரிமம் உள்ள கடை மூலம் முடித்துவிடுங்கள்.