வகுப்பில் பேசியும் சி.பி. பூஜ்யம்: மதிப்பெண்ணை மீட்ட கதை

எம்.பி.ஏ. சேரப்போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேட் தேர்வு, இன்டர்வியூ, கல்விக்கடன் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளாஸ் பார்ட்டிசிபேஷன், அதாவது சி.பி., மதிப்பெண் எப்படி ஏறுகிறது, எப்படிக் காணாமல் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

வடக்கே ஒரு கல்லூரியில் படிக்கிறேன். எல்லாம் கேஸ் டிஸ்கஷன்தான்: ஒரு கம்பெனியின் சிக்கலைக் கதையாக எழுதிக் கொடுப்பார்கள், படித்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிக்க வேண்டும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் 1920-களில் வேர்விட்ட முறை இது. 1961-இல் அந்தப் பள்ளியின் ஒத்துழைப்போடு அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது இங்கேயும் வந்தது. ஹார்வர்டில் பல பாடங்களில் பாதி மதிப்பெண் வரை வகுப்பில் பேசுவதற்கே போகுமாம்; தான் இருபதோடு விட்டுவிடுவதாக மார்க்கெட்டிங் புரொபசர் முதல் நாளே பெருந்தன்மையோடு சொன்னார்.

இருபதுதானே என்று நினைக்காதீர்கள். ரிலேட்டிவ் கிரேடிங்கில், அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போடும் முறையில், க்விஸ், மிட்-டெர்ம் மதிப்பெண்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பி-யா பி ப்ளஸ்ஸா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் சி.பி.தான்.

முதல் சில வாரம் வாய் திறக்கவே முடியவில்லை. நான் ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். பக்கத்தில் ஒருத்தர், முன்னால் பேசியவர் சொன்னதையே மாற்றிப்போட்டுச் சொல்லிவிட்டு உட்காருவார். அதற்கு இங்கே டி.சி.பி. என்று பெயர், டெஸ்பரேட் சி.பி. அதையெல்லாம் புரொபசர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கவலை வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது கேஸின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் எக்ஸிபிட் அட்டவணைகள். கதையை எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள், எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. ஒரு சோப்புக் கம்பெனி கேஸில் எல்லாரும் விளம்பரச் செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் புதுச் சரக்கு எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி ஏழு நாள் கடன்தான் தருகிறது, சரக்கு விற்க அதற்கு மேல் ஆகிறது, கடைக்காரர் ஏன் அதை முன்வரிசையில் அடுக்கப் போகிறார் என்று கேட்டேன். புரொபசர் திரும்பிப் போய் போர்டில் எழுதினார். அடுத்த பத்து நிமிடம் வகுப்பு அதைச் சுற்றியே போனது. அப்புறம் பயம் விட்டுப்போய், வாரத்தில் ஒரு வகுப்பிலாவது பேசிவிடுவேன்.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நமக்கு ஏது சர்நேம், எல்லாரையும் போல அப்பா பெயரைப் போட்டேன். மேசையில் வைக்கிற பெயர்ப் பலகையில் அந்தச் சர்நேமைத்தான் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆக டெர்ம் முழுக்க புரொபசர் அப்பா பெயரைச் சொல்லி, அதுவும் முன்னால் மிஸ் போட்டு, கூப்பிடுவார். நான் பதில் சொல்வேன். வீட்டில் சொன்னால் அப்பாவுக்கு ஒரே பெருமை.

மிட்-டெர்ம் முடிந்து சி.பி. ஷீட் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே பூஜ்யம்.

அகாடமிக் அசோசியேட், அதாவது ஏ.ஏ., பின்வரிசையில் உட்கார்ந்து யார் பேசினார்கள் என்று குறித்துக்கொள்பவர். அவரிடம் போனால், ஷீட்டில் இருப்பதுதான் இருக்கிறது, புரொபசரைக் கேள் என்றார். புரொபசரிடம் போனால், மதிப்பெண் கணக்கு ஏ.ஏ. பொறுப்பு, பெயரில் குழப்பம் என்றால் ஆபீஸில் சரிசெய் என்றார். ஆபீஸ் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேட்டா, பெயர் மாற்ற அஃபிடவிட் வேணும்." நான் பெயர் மாற்ற வரவில்லை, என் பெயரிலேயே மதிப்பெண் போடச் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல் கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோனால், இதில் இனிஷியல் ஒரு எழுத்துதானே இருக்கிறது, அது உன் அப்பா பெயர்தான் என்று எப்படித் தெரியும் என்கிறார்! நோட்டரி, ஸ்டாம்ப் பேப்பர் என்று அலையவிட்டிருப்பார்கள்.

காப்பாற்றியது சீட்டிங் சார்ட். ஏ.ஏ.க்கள் வகுப்பில் நேரடியாக எக்செல்லில் ஏற்றுவதில்லை. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற வரைபடத்தில் பென்சிலால் டிக் போட்டுவிட்டு, அறைக்குப் போய்த்தான் ஏற்றுகிறார்கள். இதைச் சொன்னது சீனியர் அக்கா ஒருத்தர். மறுபடி ஏ.ஏ.யிடம் போய், மார்க் ஷீட் வேண்டாம், அந்தப் பேப்பரை மட்டும் காட்டுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஃபைலை எடுத்தார். மூன்றாவது வரிசை, இடது ஓரம், என் இடம். கட்டத்தில் வரிசையாக டிக். சோப்பு கேஸ் நடந்த நாளில் டிக்கைச் சுற்றி ஒரு வட்டம் வேறு. வட்டம் என்றால் நல்ல பாயிண்ட் என்று அர்த்தமாம்.

நடந்தது இதுதான். கட்டத்தில் அப்பா பெயர், எக்செல்லில் என் பெயர். தேடினால் கிடைக்கவில்லை என்று, யாருடையது எனத் தெரியாத மதிப்பெண்களை ஷீட்டின் அடியில் தனியாக ஒரு வரியில் போட்டு வைத்திருந்தார். யாராவது கேட்டு வந்தால் பார்க்கலாம் என்று இருந்தாராம். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருமுறை எழுந்து வந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வரியில் எனக்குத் துணையாக ஆந்திராப் பையன் ஒருவனும் இருந்தான், அவனுக்கு ஊர்ப் பெயர்!

அன்றைக்கே புரொபசருக்கு மெயில் போட்டேன். சார்ட்டின் போட்டோ, நான் பேசிய கேஸ்களின் பட்டியல், ஏ.ஏ.க்கு காப்பி. இரண்டே வரியில் சரி என்று பதில் வந்தது. ஆபீஸ் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை.

சேரும் முதல் வாரத்திலேயே பெயர்ப் பலகையில் கூப்பிடும் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மார்க்கரால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது நாலைந்து பேர் அப்படித்தான் வைத்திருக்கிறோம். என்றைக்கு, எந்தக் கேஸில், என்ன பேசினீர்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். இடம் மாறி உட்காராதீர்கள், டிக் பக்கத்து சீட்டுக்காரர் கணக்கில் போய்விடும். சி.பி. ஷீட் ஒட்டாத பாடத்தில் மிட்-டெர்ம் முடிந்ததும் ஏ.ஏ.யிடம் நீங்களே போய்க் கேளுங்கள். கிரேடு வெளியான பிறகு போனால் எங்கள் கல்லூரியில் பரீட்சைத் தாள் மறுகூட்டலுக்கு ஃபாரம் உண்டு, சி.பி.க்குக் கிடையாது.