தடிமன் என்று நினைத்த நீர்

நெற்றிக்குப் பின்னால் இருந்த மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டியை எடுத்து, வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து பத்தாவது நாள். செருப்புப் போடக் குனிந்தேன். இடது மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒரு சொட்டு விழுந்தது. "தடிமன் பிடிச்சிட்டுது" என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். இரண்டு நாள் குடித்தேன். அந்த இரண்டு நாளை நான் வீணாக்கியிருக்கக் கூடாது.

தடிமன் என்றால் சளி ஒட்டும், துடைத்த லேஞ்சி காய்ந்ததும் விறைக்கும். இது விறைக்கவில்லை. ஒரு மூக்கில் மட்டும், அதுவும் குனிந்தால்தான் வந்தது. தொண்டைக்குள் இறங்கும்போது உப்புக் கரித்தது. எழுந்து இருந்தால் தலையிடி, படுத்தால் குறையும். மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவர்கள் இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போய்விடுங்கள்.

டொக்டர் என்னைக் குனிய வைத்து, விழுந்ததைச் சின்னப் போத்தலில் பிடித்தார். மூளையைச் சுற்றியிருக்கும் முண்ணாண் நீர்தான் அது. உடனே வார்ட்டில் சேர்த்தார்கள்.

மூளைக்கு மூன்று உறைகள். வெளியே இருப்பது டியூரா, தோல் போலத் தடித்தது. என் கட்டி அந்த உறையோடு ஒட்டி வளர்ந்திருந்ததால், அந்த இடத்து டியூராவையும் வெட்டி எடுத்திருந்தார்கள். மண்டையோட்டின் மேலிருக்கும் சவ்வை உரித்து அந்த இடைவெளியில் தைத்திருந்தார்கள். நெற்றி எலும்புக்குள் மூக்கோடு தொடர்புள்ள காற்றறை ஒன்று உண்டு. எலும்பை அறுத்தபோது அதுவும் திறபட்டிருந்தது. தையலில் எங்கோ ஒரு சிறு விலகல் இருந்திருக்கிறது. நீர் வெளியே வரும் வழியால் கிருமி உள்ளே போனால் மூளையுறை அழற்சி வரும். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

முதலில் இடுப்பில், முள்ளந்தண்டுக்குள் ஒரு குழாய் போட்டு, மணிக்கு 10 மி.லீ. வீதம் அதே நீரை வடிய விட்டார்கள். உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மி.லீ. நீரைச் சுரக்கிறது, அதில் பாதியை இப்படி எடுத்தால் ஓட்டையில் அழுத்தம் குறையும், தானாக மூடலாம் என்றார் டொக்டர். குழாயை மூடாமல் எழும்பக் கூடாது. ஒரு இரவு தாதி மிஸ்ஸைக் கூப்பிடாமல் எழுந்து இருந்துவிட்டேன். நீர் கூடுதலாக வடிந்து, தலை பிளப்பது போல வலித்தது. பாவம், அவர் ஓடிவந்து படுக்க வைத்துவிட்டு, விடியும்வரை அடிக்கடி வந்து பார்த்தார்.

ஐந்து நாளாகியும் சொட்டு நிற்கவில்லை. சரி, திரும்பவும் திறப்பது என்று முடிவானது. இந்தமுறை தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தடித்த சவ்வை எடுத்துத் தைத்து, மேலே ஃபைப்ரின் என்ற இரத்த உறைவுப் புரதப் பசை பூசி, காற்றறையையும் அடைத்தார்கள். மயக்க மருந்து வைத்தியர் நுரையீரலில் அழுத்தத்தைக் கூட்ட, அதனால் தலைக்குள்ளும் அழுத்தம் ஏறும்போது தையல் கசிகிறதா என்று பார்த்துத்தான் மூடினார்களாம். அப்புறம் தலையைவிடத் தொடைதான் அதிகம் நொந்தது.

வீட்டில் மூக்குச் சிந்தவில்லை. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மினேன். முக்கக் கூடாது என்பதால் மலமிளக்கிப் பாணி, தினமும் பப்பாசி. தண்ணீர் வாளியை அம்மா தொடவே விடவில்லை.

மூன்றாம் கிழமை கிளினிக்கில் டொக்டர் மறுபடி குனியச் சொன்னார். கீழே போத்தலைப் பிடித்தபடி நெடுநேரம் காத்திருந்தார். போத்தல் காய்ந்தே இருந்தது.