தெய்சே குன்றின் மௌனம்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி நகருக்கு வடக்கே ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது தெய்சே என்னும் சிற்றூர். 910இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற மடத்தின் எச்சங்களை க்ளூனியில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, 1962இல் திறக்கப்பட்ட இங்குள்ள ஒப்புரவு ஆலயம் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். அது ஒரு கான்கிரீட் கட்டடம். அழகுக்காக யாரும் அதைத் தேடி வருவதில்லை. இரண்டாம் உலகப்போர் விதைத்த பகையை ஆற்ற விரும்பிய ஜெர்மானிய இளைஞர்கள் அதைக் கட்டினார்கள் என்று அறிந்தபின் என் பார்வை சற்று மாறியது. சுவிட்சர்லாந்திலிருந்து 1940இல் இங்கு வந்து, யூதர்கள் உள்ளிட்ட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்த சகோதரர் ரோஜர்தான் இங்குள்ள துறவறக் குழுவைத் தொடங்கியவர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் சபையினரும் இன்று அதில் ஒன்றாக வாழ்கிறார்கள்.

ஆலய வாசலில் இளம் தொண்டர்கள், மௌனம் காக்கும்படி பல மொழிகளில் எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி நிற்கிறார்கள். உள்ளே பெரும்பாலோர் தரையில்தான் அமர்கிறார்கள். காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் நடக்கும் பொது ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது. பாடலும் சிறு வேதவாசிப்பும் முடிந்ததும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஐந்து முதல் பத்து நிமிடம் வரை அனைவரும் பேச்சற்று இருக்கிறார்கள்.

விண்ணப்பம், துதி, நன்றி என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியே பழகியவர்களுக்கு அந்த நிமிடங்கள் மிக நீளமானவை. யாரோ இருமுவதும், பிள்ளை ஒன்று சிணுங்குவதும், எழுதாமல் விட்ட கடிதமும், மதியம் கேட்ட ஒரு கடுஞ்சொல்லும் வரிசையாக முன்னால் வந்து நின்றன. ஆயினும் சில வேளைகள் கழிந்தபின், அதற்கு முன் பாடும் பாடல்கள் இந்த மௌனத்துக்காகவே அமைந்தவையோ என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. பல மொழிக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக, ழாக் பெர்த்தியே போன்ற இசையமைப்பாளர்கள் ஓரிரு வரிகளை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடும்படி மெட்டமைத்தார்கள். வாய் நின்ற பிறகும் அந்த வரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நினைவுகளை விரட்ட முயலாமல், அவை கடந்துபோகும்வரை அந்த ஒற்றை வரியைப் பற்றிக்கொண்டிருக்கலாம். இது புதிய வழியும் அன்று. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்னும் துறவி, கடவுளிடம் உதவி கேட்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வரியை ஓயாமல் சொல்லிவரும் வழக்கத்தைத் துறவிகளுக்காக எழுதிவைத்தார். மௌனம் எவ்வளவு நீண்டது என்பதைவிட, எதைச் சுமந்துகொண்டு அதற்குள் நுழைகிறோம் என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

மௌனத்தில் உள்ளே எழுவதையெல்லாம் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வேதாகமக் கதையில், ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல், தன்னை அழைத்தது யார் என்று தெரியாமல் மும்முறை ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். அழைப்பவர் கர்த்தர் என்பதைக் கண்பார்வை மங்கிய அந்த முதியவர்தான் உணர்ந்து சொன்னார். தெய்சேயில் இரவு ஜெபம் முடிந்தபின் பாடல் தொடர்ந்துகொண்டிருக்க, சகோதரர்கள் சிலர் ஆலயத்திலேயே தங்கி, பேச விரும்புகிறவர்களுக்குச் செவிகொடுக்கிறார்கள். நானும் ஒருவரிடம் சென்றேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார், இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே கேட்ட எந்தப் பாடலையும்விட அந்தக் கேள்விதான் அடுத்த நாள் மௌனத்தில் எனக்குத் துணையாக இருந்தது.

ஒரு வாரம் முழுவதையும் மௌனத்தில் கழிக்க விரும்புவோருக்குத் தனி இல்லங்கள் இருக்கின்றன. முதன்முறை செல்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரம் கழுவுவதும், பிற நாட்டினரோடு உரையாடுவதுமாக நகரும் சாதாரண வாரத்தின் நடுவிலேயே மௌனத்தோடு பழகிக்கொள்வது எளிது.